மாசி வானமும் உன் அம்மா கும்பிட்ட செவ்வாயும்

அன்பு மகனே,

நேற்று விளக்கு வைக்கிற நேரத்தில் மருமகள் போன் செய்தாள். ஓசூரில் அவள் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை ஒரு நாள் பொழுது சாய்ந்ததும் மைதானத்தில் உட்கார வைத்து வானம் காட்டப் போகிறார்களாம். “மாமா, உங்களுக்குத்தான் இதெல்லாம் தெரியுமே, மாசி மாசத்துல மேல இன்னா இன்னா பாக்கலாம்னு எழுதி அனுப்புங்க” என்றாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. இந்த வீட்டில் என்னை யாராவது ஒன்று கேட்கிறார்கள் என்றால் அது மோட்டார் போட்டாயா, சிலிண்டருக்குச் சொன்னாயா என்பதாகத்தான் இருக்கும். ஒரு டீச்சர் என்னிடம் சந்தேகம் கேட்டது என் ஆயுசில் இதுதான் முதல் தடவை. அந்தச் சந்தோஷம் அடங்குவதற்குள் உன் மெசேஜ் வந்துவிட்டது: “அப்பா, ரெண்டு வரி போதும். கதை வேணாம்.” இந்தக் கறார் உனக்கு உன் அம்மா வழியில் வந்தது.

ரெண்டு வரியில் எனக்கு எழுத வராது. அதுவுமில்லாமல், இந்த வானத்தைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தால் உன் கல்யாணத்தைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது. நீ ஒரு வாரம் சரியாகச் சாப்பிடாமல் கிடந்து, கூடத்தில் நின்று வக்கீல் மாதிரி வாதாடி, அதனால்தான் உன் அம்மா இறங்கி வந்தாள் என்று இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறாய். கல்யாணத்துக்கு வந்த உன் கம்பெனிக்காரர்களிடம்கூட அப்படித்தான் பீற்றிக்கொண்டாய். நானும் பக்கத்தில் நின்று தலையாட்டினேன். உண்மை வேறு. உன் கல்யாணம் ஒரு பீஸ் போன பல்பினால் நடந்தது. ஆகையால் மருமகளுக்கு வேண்டியதும் உனக்கு வேண்டியதும் இந்தக் கடிதத்தில் கலந்து கிடக்கும். அரிசியில் கல் பொறுக்குவது போல நீங்கள் இருவரும் சேர்ந்து உட்கார்ந்து பிரித்துக்கொள்ளுங்கள்.

முதலில் பார்க்கிற விதத்தைச் சொல்கிறேன். வெளிச்சத்திலிருந்து வந்த உடனே மேலே பார்த்தால் ஒன்றும் தெரியாது. கண் இருட்டுக்குப் பழக ஒரு கால் மணி நேரமாவது ஆகும். அதற்குள் ஒரு பிள்ளை செல்போனை எடுத்து முகத்துக்கு நேராகப் பிடித்தால் எல்லாருக்கும் மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். எனவே போனெல்லாம் பைக்குள் போகட்டும், டீச்சரம்மா போன் உள்பட. அடுத்தது, நின்றுகொண்டு பார்க்க வேண்டாம், பாய் விரித்துப் படுத்துக்கொள்ளச் சொல். மாசியில் பார்க்க வேண்டியவை பெரும்பாலும் உச்சந்தலைக்கு மேலேதான் இருக்கின்றன. நின்று பார்த்தால் கழுத்து போய்விடும். கழுத்தைப் பற்றி நான் சொன்னால் நீ நம்பலாம், ஏனென்றால் நான் வானம் பார்க்க ஆரம்பித்ததே கழுத்தினால்தான்.

உனக்குத்தான் தெரியுமே, திருபுவனை கம்பெனியில் நான் பார்த்ததெல்லாம் இன்ஸ்பெக்ஷன் வேலை. மேசை மேல் வந்து விழுகிற உதிரிபாகங்களை ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்து நல்லது இந்தப் பக்கம், ரிஜெக்ட் அந்தப் பக்கம் என்று பிரித்துப் போடுவது. சர்வீஸ் முழுக்கக் குனிந்தே இருந்ததில், ரிட்டையர் ஆனபோது கழுத்து நிமிரமாட்டேன் என்றது. கழுத்துக்குப் பயிற்சி சொல்லிக்கொடுத்த அந்தப் பெண், “அய்யா, இவ்ளோ நாளா கீழயே பாத்துட்டீங்க, இனிமே தெனமும் சாயங்காலம் கொஞ்ச நேரம் மேல பாருங்க” என்றாள். அந்தக் கொஞ்ச நேரம் கால் மணி நேரம் என்று கணக்கு. கழுத்தில் பட்டை கட்டிக்கொண்டு மாடிக்குப் போய், முகவாயைத் தூக்கி, கால் மணி நேரம் பார்த்துவிட்டு இறங்கிவிடுவேன். ஒரு நிமிடம் கூட ஓவர்டைம் பார்த்ததில்லை. இது முக்கியம், ஞாபகம் வைத்துக்கொள், பின்னால் வரும்.

நம் செலியமேட்டில் ஒரு மனிதன் தினமும் சாயங்காலம் மாடியில் நின்று ஆகாயத்தைப் பார்த்தால் ஊர் சும்மா இருக்குமா. முதல் இரண்டு நாள் தெருவில் போகிறவர்கள் நின்று, நான் பார்க்கிற பக்கம் அவர்களும் பார்த்தார்கள். அப்புறம் ஒருவர், “இன்னாண்ணே, பொயல் எதுனா வருதா?” என்று கேட்டார். இல்லை, கழுத்து வலி என்றேன். கழுத்து வலிக்கு யாராவது நட்சத்திரம் பார்ப்பார்களா என்று அவர் நம்பவில்லை. அன்று ராத்திரிக்குள் புயல் வரப்போவதாகவும், எனக்குக் கம்பெனி மூலமாக முன்கூட்டியே தெரிந்துவிட்டதாகவும் பேச்சு கிளம்பி, இரண்டு வீட்டில் மெழுகுவர்த்தி வாங்கி வைத்துவிட்டார்கள். புயல் வரவில்லை என்றதும், எதிர்வீட்டு மாடியில் துணி காயப்போடுகிறவர்களைப் பார்க்கத்தான் நான் ஏறுகிறேன் என்று அடுத்த பேச்சு. உன் அம்மா அதைக் கேட்டுவிட்டுச் சிரித்த சிரிப்பு எனக்குத்தான் அவமானமாக இருந்தது. “அந்தக் கழுத்த வெச்சிக்கினு இவரு இன்னாத்தப் பாத்துடப் போறாரு” என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

சரி, மருமகளுக்கானதைச் சொல்கிறேன், குறித்துக்கொள்ளச் சொல். பொழுது இறங்கினதும் மேற்கே முதலில் தெரிவது வெள்ளி. இந்த வருடம் அது எரிகிற எரிப்பில், விமானம் ஒன்று நம் வீட்டைக் குறிவைத்து வருகிறதோ என்று தோன்றும். அதைப் பார்த்துவிட்டு உச்சிக்கு வந்தால், வெள்ளிக்கு அடுத்தபடியாக ஒன்று பளிச்சென்று நிற்கும். அதுதான் வியாழன். அதன் பக்கத்தில் லேசான செம்மண் நிறத்தில் ஒரு நட்சத்திரம், ரோகிணி. அதற்குக் கொஞ்சம் மேற்கே, கைப்பிடி மல்லிகையைக் கொட்டிவைத்தது போல ஒரு சின்னக் கூட்டம், அது கார்த்திகை. கார்த்திகையில் எத்தனை தெரிகிறது என்று பிள்ளைகளை எண்ணச் சொன்னால் ஆளுக்கு ஒரு கணக்கு சொல்லிச் சண்டை போட்டுக்கொள்வார்கள். டீச்சருக்குக் கொஞ்ச நேரம் ஓய்வு கிடைக்கும்.

ரோகிணியிலிருந்து தெற்கே இறங்கி வந்தால் மூன்று நட்சத்திரம் வரிசையாக நிற்கும். நான் வாழ்க்கையில் எத்தனையோ ஆயிரம் ரிவெட் ஆணி வரிசையைப் பார்த்து ரிஜெக்ட் செய்தவன். இந்த வரிசையில் ஒரு குறையும் சொல்ல முடியவில்லை. அதற்கு வடக்கே சிவப்பாக நிற்பது திருவாதிரை. அதாவது உன் நட்சத்திரம். உன் ஜாதகத்தில் திருவாதிரை என்று எழுதியிருந்ததை நான் ஏதோ ரேஷன் கார்டு நம்பர் மாதிரி என்று நினைத்திருந்தேன். அது மேலே நிஜமாகவே நிற்கிறது என்பது ரிட்டையர் ஆன பிறகுதான் எனக்குத் தெரிந்தது. உன்னுடைய பழைய பள்ளிக்கூட அறிவியல் புத்தகத்தை ஒரு கையிலும் பஞ்சாங்கத்தை ஒரு கையிலும் வைத்துக்கொண்டு கண்டுபிடித்தேன். கண்டுபிடித்த அன்று மாடியிலிருந்தே உன் அம்மாவைக் கூப்பிட்டேன். அவள் வந்து பார்த்துவிட்டு, “நம்ம புள்ளையா இது, இவ்ளோ தூரத்துல இருக்குது” என்றாள். நீ அப்போது ஓசூரில் வேலைக்குச் சேர்ந்த புதிது. பத்து நாளாகப் போன் செய்திருக்கவில்லை.

மூன்று ரிவெட்டையும் ஒரு கோடாக நினைத்துக்கொண்டு தென்கிழக்கே நீட்டினால் வானத்திலேயே பெரிய பிரகாசமான நட்சத்திரம் கண்ணில் அடிக்கும், சிரியஸ் என்று உன் புத்தகத்தில் போட்டிருக்கிறது. அதற்கும் கீழே தெற்கில் தனியாக ஒன்று, அகத்தியர். வடக்கத்திக்காரர்கள் பல பேருக்கு அகத்தியரைப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லையாம், நமக்கு ஓசியில் தெரிகிறது. பிறகு கிழக்கே திரும்பினால் ஜோடியாக இரண்டு நட்சத்திரம், அது புனர்பூசம். அது யாருடைய நட்சத்திரம் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

போன வருடம் தைப் பொங்கலுக்கு வந்தபோது, கரும்பைக் கடித்துக்கொண்டே நீ சொன்னாய், மணப்பட்டில் ஒரு பெண்ணை உனக்குப் பிடித்திருக்கிறது என்று. பெண் டீச்சர், பெண்ணின் அப்பா போட் வைத்து மீன் பிடிக்கிறவர் என்றும் சொன்னாய். உன் அம்மா கையிலிருந்த கரும்பைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போனாள். நாம் நெல்லும் கரும்பும் போடுகிற ஜனம், அவர்கள் கடற்கரை ஜனம். இரண்டு ஊருக்கும் நடுவில் பஸ் போகிறது, சம்பந்தம் போனதில்லை. ஆனால் உன் அம்மா அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. படித்த பிள்ளையிடம் அதைச் சொல்ல அவளுக்கு வெட்கம். ஜாதகம் கேட்டு வாங்கினாள். வில்லியனூரில் இருக்கும் உன் மாமா அதை எங்கேயோ காட்டிவிட்டு வந்து, பெண்ணுக்குச் செவ்வாய் தோஷம் என்றார். பிடித்துக்கொண்டாள். “எனக்கு அந்தப் பொண்ணு மேல ஒண்ணும் இல்லயா, செவ்வாய் ஒத்துக்காது, நான் இன்னா பண்றது” என்று எல்லாப் பழியையும் தூக்கி ஒரு கிரகத்தின் தலையில் போட்டாள். நீ வாதாடியதெல்லாம் அந்தக் கிரகத்தை எதிர்த்துத்தான். அது வாய்தாவுக்கு வரவே இல்லை.

நீ ஊருக்குப் போன பிறகு வீடு வீடாக இல்லை. அவளும் சாப்பிடவில்லை, நீயும் அங்கே சாப்பிடவில்லை என்று கேள்வி, நடுவில் நான் ஒருவன்தான் ஒழுங்காகச் சாப்பிட்டேன். அது வேறு குற்றமாகிவிட்டது. ஒரு நாள் மாடிக்கு வந்து, “தெனம் பாக்கறியே, அந்தச் செவ்வாய் எதுயா, காட்டு” என்றாள். எனக்குத் தெரியாது என்று சொல்லியிருக்கலாம். இத்தனை நாளாக வானத்தைப் பற்றி வீட்டில் அளந்துவிட்டு, அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. உன் அறிவியல் புத்தகத்தில் போட்டிருந்தது, நட்சத்திரம் மின்னும், கிரகம் மின்னாது, செவ்வாய் சிவப்பாக இருக்கும் என்று. சுற்றிப் பார்த்தேன். தென்கிழக்கே, பனைமரத்துக்குக் கொஞ்சம் மேலே, சிவப்பாக, துளியும் மின்னாமல், நிலையாக ஒன்று எரிந்துகொண்டிருந்தது. இன்ஸ்பெக்ஷனில் எல்லா அளவும் சரியாக இருந்தது. பாஸ் செய்துவிட்டேன்.

அன்றிலிருந்து செவ்வாய்க்கிழமை தோறும் உன் அம்மா மாடியில் கோலம் போட்டு, தென்கிழக்கு முகமாக விளக்கு ஏற்றி, துவரையைத் தட்டில் பரப்பி, செவ்வரளியோடு கும்பிட ஆரம்பித்தாள். தெருவில் செவ்வாய் தோஷத்தால் கல்யாணம் தள்ளிப்போகிற பெண்கள் இருக்கிற வீடுகளுக்கு விஷயம் தெரிந்து, அவர்களும் விளக்கோடு வந்துவிட்டார்கள். என்னை மரியாதையாகப் பார்த்தார்கள். எதிர்வீட்டுத் துணிப் பேச்சு அதோடு ஒழிந்தது. பூசை முடிந்து துவரைச் சுண்டல் கொடுத்தார்கள், அதுவும் நன்றாகவே இருந்தது.

இந்த நேரத்தில்தான் மருமகளின் அப்பா, சொல்லாமல் கொள்ளாமல், ஒரு சாயங்காலம் பைக்கில் வந்து இறங்கினார். கையில் ஒரு பையில் வஞ்சிரம். உன் அம்மா பையை வாங்கிக்கொண்டாள், வாங்க என்று மட்டும் சொன்னாள், சமையலறைக்குள் போய்விட்டாள். நாங்கள் இருவரும் கூடத்தில் உட்கார்ந்து மின்விசிறியைப் பார்த்தோம். கழுத்துப் பயிற்சிக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லி அவரையும் மாடிக்கு அழைத்துக்கொண்டு போனேன். கடலில் போகிறவராயிற்றே, நட்சத்திரமெல்லாம் அத்துப்படியாக இருக்கும், பேச்சு ஓடும் என்று நினைத்தேன். “அது எது, இது எது” என்று கேட்டேன். அவர் கொஞ்ச நேரம் தொண்டையைச் செருமிவிட்டு, “அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. எங்க அப்பாரு பாப்பாரு. நமக்கு ஜிபிஎஸ் தான். நான் மேல பாத்தேன்னா மழ வருதான்னு பாப்பேன், அவ்ளோதான்” என்றார். எனக்கு அந்த நிமிடமே அவரைப் பிடித்துவிட்டது.

பேச்சு தீர்ந்துவிட்டது. ஆனால் கீழே இறங்க முடியவில்லை. வந்த மனிதரைக் காபிக்கு உன் அம்மா கூப்பிடுவாள், அதற்கப்புறம் இறங்கலாம் என்று நான் காத்திருக்கிறேன். கூப்பிடாமல் எப்படி இறங்குவது என்று அவர் காத்திருக்கிறார். கால் மணி நேரம் போய், அரை மணி நேரம் போய், ஒரு மணி நேரமும் ஆகிவிட்டது. நான் மாடியில் அவ்வளவு நேரம் உட்கார்ந்தது அன்றுதான். உட்கார்ந்து பார்த்தால், தென்னை மட்டைக்கு இந்தப் பக்கம் இருந்த நட்சத்திரமெல்லாம் அந்தப் பக்கம் போயிருக்கிறது. உன் திருவாதிரை நகர்ந்திருக்கிறது, புனர்பூசம் நகர்ந்திருக்கிறது, மொத்த வானமும் மேற்கே சரிகிறது. செவ்வாய் மட்டும் பனைமரத்துக்கு மேலே ஆணி அடித்த மாதிரி அங்கேயே நிற்கிறது. அவரும் அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தார். “அண்ணே, அது நவுரலயே” என்றார் மெதுவாக. எழுந்து இரண்டு பேரும் கைப்பிடிச் சுவர் ஓரமாகப் போய்க் கண்ணைச் சுருக்கிப் பார்த்தோம். இருட்டில் கம்பிக் கோபுரம் ஒன்று கோடு கோடாகத் தெரிந்தது. செல்போன் டவர். உச்சியில் சிவப்பு விளக்கு.

உன் அம்மா அத்தனை செவ்வாய்க்கிழமையும் துவரை படைத்தது அதற்குத்தான். நான் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து ஓய்ந்த பிறகு, “இத்த வூட்ல சொல்லாதீங்கண்ணே. பாவம், அவங்க மனசு கஷ்டப்படும்” என்றார். பிறகு இன்னொன்றும் சொன்னார். “எங்களுக்குத் தெரியாம இல்ல. கடக்கரை பொண்ணு வேணாம்னு நேராவே சொல்லியிருக்கலாம். அப்டிச் சொல்லாம தோசம்னு சொன்னாங்க பாருங்க, அது எங்களுக்கு ஒரு மருவாதிதான். நான் சண்ட போட வரல. பொண்ணு ரெண்டு நாளா அழுவுது, அதான் வந்தேன்.” அவர் தோளில் கை வைத்தேன், அவ்வளவுதான் முடிந்தது. அந்த மனிதர் முன்னால் நான் அப்படிக் கூசி நின்றது இன்னும் ஆறவில்லை.

இன்னும் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு இறங்கலாம் என்று திரும்பினால், மாடிப்படியின் மேல்படியில் இரண்டு டம்ளர் காபி. ஏடு படிந்து ஆறிப்போய்க் கிடந்தது. உன் அம்மாவுக்குக் கூப்பிட மனசு வரவில்லை, கொடுக்காமல் இருக்கவும் மனசு வரவில்லை என்று நான் அர்த்தம் செய்துகொண்டேன். ஆறின காபியை இருவரும் குடித்துவிட்டு இறங்கினோம்.

அடுத்த சில நாள் நான் பட்ட பாடு இருக்கிறதே. சொன்னால் அவளுக்கு அவமானம், எனக்கு அடி. சொல்லாவிட்டால் ஊரே டவரைக் கும்பிடுகிறது. அடுத்த செவ்வாய்க்கிழமையும் விளக்கு வைத்தாள். அன்று நான் சுண்டல் சாப்பிடவில்லை. அதற்கடுத்த வாரம், துவரையும் பூவுமாக மாடிக்கு ஏறினவள் அப்படியே நின்றுவிட்டாள். தென்கிழக்கே ஒன்றுமில்லை. பனைமரம் இருக்கிறது, அதன் மேல் வெறும் இருட்டு. டவர்காரன் பல்பு பீஸ் போய்விட்டது. உன் அம்மா சுற்றி நின்ற பெண்களைப் பார்த்து, நிறுத்தி நிதானமாக, ஊருக்கே கேட்கிற குரலில் சொன்னாள்: “பாத்துக்கோங்க. செவ்வாய் போயிடுச்சு. நம்ம வேண்டுதல கேட்டுட்டு அது எறங்கிப் போயிடுச்சு. இனிமே எம்புள்ள கல்யாணத்துக்கு ஒரு தடையும் இல்ல.” இறங்கிப்போய் அன்றைக்கே உன் மாமாவுக்குப் போன் போட்டு அதையே சொன்னாள். அவர் ஏதோ சொல்ல ஆரம்பித்தார். “நான் கண்ணால பாத்தேண்ணா” என்று வைத்துவிட்டாள். அப்புறம் உனக்குப் போன் செய்தாள். நீ உன் வாதத்துக்குக் கிடைத்த வெற்றி என்று எடுத்துக்கொண்டாய்.

வைகாசியில் கல்யாணம். ஐயர் உங்கள் இருவரையும் வெளியே அழைத்து, பட்டப்பகலில் அருந்ததி தெரிகிறதா என்று கேட்டார். நீ தெரிகிறது என்றாய். மருமகள், “இந்த மாசத்துல ராத்திரிதாங்க தெரியும்” என்றாள். ஐயர் அவளை ஒரு மாதிரி பார்த்தார். எனக்கு அப்போதே தெரிந்தது, நம் வீட்டுக்கு நல்ல பெண் வருகிறாள், எனக்குத்தான் கஷ்டகாலம் என்று.

கஷ்டகாலம் கார்த்திகையில் வந்தது. புயல் அடித்ததே, அதற்கப்புறம் டவரைச் சரிபார்க்க ஆட்கள் வந்தார்கள். வந்தவர்கள் வேலையை ஒழுங்காகச் செய்து, பல்பையும் மாற்றிவிட்டுப் போய்விட்டார்கள். அன்று சாயங்காலம் மாடிக்குப் போனால் பனைமரத்துக்கு மேலே செவ்வாய், முன்பைவிடப் பளிச்சென்று. எனக்கு உயிரே இல்லை. உன் அம்மா பார்த்தால் என்ன ஆகும். தோஷம் திரும்பிவிட்டது என்பாள். இல்லை, உண்மை தெரிந்தால் ஏமாற்றிவிட்டீர்கள் என்பாள். அங்கே மருமகளுக்கு ஒரு காய்ச்சல் வந்தாலும் இங்கே பேச்சு அவள் மேல் திரும்பும். நான் போய் ஒரு தார்பாய் வாங்கிவந்து, மாடியின் தென்கிழக்கு மூலையில் இரண்டு மூங்கில் நட்டுக் கட்டிவிட்டேன். உன் அம்மா கேட்டதற்குப் பனி என்றேன். “பனி இன்னா ஒரு மூலையிலருந்து மட்டும் வருதா” என்றாள். துணி எடுக்க நானே ஏறினேன், வடகம் காயவைத்ததை நானே அள்ளினேன். கழுத்துப் பட்டையோடு நான் வடகம் அள்ளுவதைப் பார்த்து ஊர் மறுபடியும் பேச ஆரம்பித்தது.

தை மாதம் பிறக்கும் முன்பு ஒரு நாள் இருட்டினதும், நான் குளிக்கப் போன நேரத்தில் அவள் மாடிக்குப் போய்விட்டாள். ஈரத்தலையோடு ஓடினேன். தார்பாயை ஒரு பக்கம் அவிழ்த்துவிட்டு நின்றுகொண்டிருந்தாள். பனைமரத்துக்கு மேலே சிவப்பு விளக்கு. நான் வாயைத் திறப்பதற்குள், “டவர் லைட்ட மறைக்கவா இவ்ளோ காசு குடுத்து தார்பாய் வாங்குன?” என்றாள். “எப்ப தெரியும்?” என்றேன். “அன்னைக்கே தெரியும். நீங்க ரெண்டு பேரும் செவுத்தப் புடிச்சிக்கினு சிரிச்சீங்களே, காபியோட படியிலதான் நின்னேன்.” அதன் பிறகும் அடுத்த வாரம் டவருக்கு விளக்கு வைத்தாயே என்றேன். “தெருவே வந்து நிக்குது, இன்னான்னு சொல்றது? வெளக்கு எதப் பாத்து வெச்சாலும் வெளக்குதான்” என்றாள்.

பிறகு தார்பாயை மடித்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னாள். “அந்த மனுசன் சொன்னாரே, தோசம்னு சொன்னதே மருவாதின்னு. அத்தக் கேட்டதுக்கப்புறம் எனக்குச் சோறு எறங்கலயா. காபியக் கையில குடுக்கக்கூட மூஞ்சி இல்ல, படியில வெச்சிட்டு வந்துட்டேன். ஊருக்கும் எங்க அண்ணனுக்கும் சொல்றதுக்கு ஒரு சாக்கு வேணும்னு பாத்துக்கினே இருந்தேன். அந்த பல்பு போச்சு, புடிச்சிக்கினேன்.” இதுதான் நடந்தது, மகனே. உன் வாதத்துக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. உன் அம்மா யாரும் தள்ளாமல் தானாகவே இறங்கி வந்தாள். நாங்கள் இரண்டு ஆண்பிள்ளைகள் அவள் மனசைக் காப்பாற்றுவதாக நினைத்து ஒளித்துக்கொண்டிருந்தோம், அவள் எங்களைக் காப்பாற்றிக்கொண்டிருந்தாள்.

இப்போது மருமகள் கேட்டதில் பாக்கி இருப்பது ஒன்றுதான். போன வருடம் மாசியில் செவ்வாய் விடியற்காலையில்தான் தெரிந்திருக்கிறது, சாயங்காலம் அது வானத்திலேயே கிடையாது. நீ வாங்கிக் கொடுத்த போனில் இப்போதுதான் பார்த்தேன். இந்த வருடம் நிஜமாகவே வந்திருக்கிறது. போன வாரம் உன் அம்மா, “நெஜ செவ்வாய் எதுயா?” என்று கேட்டாள். நான் உடனே சொல்லவில்லை. ஒரு மணி நேரம் பாயில் படுத்து, நகர்கிறதா என்று பார்த்து, சுற்றுவட்டாரத்தில் டவர் இல்லை என்று உறுதி செய்துகொண்டேன். ஆனாலும் சொல்லத் தயக்கம். ஏனென்றால் அது நின்ற இடம் அப்படி. கிழக்கே உச்சிக்குக் கொஞ்சம் கீழே, புனர்பூசத்துக்குப் பக்கத்தில், மருமகளின் நட்சத்திரத்தை ஒட்டினாற்போல் சிவப்பாக நிற்கிறது. கையை நீட்டிக் காட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டேன். அவள் வெகுநேரம் பார்த்தாள். “புள்ள ஊரு உட்டு ஊரு போயிருக்குது. காவலுக்கு ஆளு போட்டமாரி பக்கத்துலயே நிக்குது பாரு. நிக்கட்டும்” என்றாள். இதை மருமகளிடம் அப்படியே சொல்.

மாசி மகத்தன்று எல்லாரும் சாமியோடு கடற்கரைக்குப் போய்த் தண்ணீரையே பார்ப்பார்கள். நீங்கள் ஓசூரிலிருந்தே பொழுது சாய்ந்ததும் கிழக்கே பாருங்கள், முழு நிலவுக்குப் பக்கத்தில் மகம் நிற்கும், நிலா வெளிச்சத்தில் தேடித்தான் பார்க்க வேண்டும். பிள்ளைகளுக்குச் செவ்வாயைக் காட்டுவதற்கு முன்னால், மைதானத்தைச் சுற்றி டவர் எங்கெங்கே இருக்கிறது என்று டீச்சரம்மா ஒரு பார்வை பார்த்துக்கொள்ளட்டும். இன்று சாயங்காலம் சம்பந்தி வருகிறார், நான் அழைக்கவில்லை, உன் அம்மாதான் போன் செய்து வரச்சொன்னாள். செவ்வாயைக் காட்ட நான் அவரை மாடிக்குக் கூட்டிக்கொண்டு போவேன் என்று அவளுக்குத் தெரியும். காபியை இந்தத் தடவை படியில் வைக்கப் போவதில்லையாம், மேலே வந்து அவர் கையில் கொடுப்பாளாம்.

இப்படிக்கு,
கழுத்து கொஞ்சம் நிமிர்ந்த
உன் அப்பா